கீறல் இல்லாத பூட்டு

மார்ச் 4, செவ்வாய்

சமையலறைப் பூட்டை இன்று மாற்றினேன். பழையதை மகள் கொண்டை ஊசியால் திறந்திருக்கிறாள். திறந்தது மட்டுமில்லை, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி பூட்டியும் வைத்திருக்கிறாள். பூட்டுக்காரன் கண்ணுக்குத் தப்புமா? சாவித் துவாரத்தைச் சுற்றிப் புதுக் கீறல். சர்க்கரை டப்பா காலி. பச்சை மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்கிறாள்.

யாரிடம் கற்றாள் என்று மனைவி கேட்கிறாள். என்னிடம்தான், வேறு யாரிடம். பேசத் தெரியாத வயதிலிருந்து என் கடையில் பழைய பூட்டுகளோடு விளையாடியவள். அப்போதெல்லாம் தட்டில் பாதியை மிச்சம் வைப்பாள். அதற்கும் திட்டினேன்.

மார்ச் 6, வியாழன்

டாக்டரம்மாவைப் பார்த்தோம். மகளுக்குத் தலையில் கட்டி எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கட்டி திரும்பவில்லை, எடை ஏறுவதுதான் நிற்கவில்லை. இவள் திருட்டுத்தீனி தின்கிறாள், கண்டித்து வையுங்கள் என்றேன். அந்த அம்மா என்னைக் கண்டித்தார்.

"அவ திமிருக்குத் திங்கல. உடம்புல கொழுப்பு சேர்ந்தா, லெப்டின்னு ஒரு சுரப்பு மூளைக்குப் போய் இருப்பு போதும்னு சொல்லும். சாப்பிட்டதும் குடல்லேர்ந்தும் சேதி போகும். மூளைக்கு அடியில ஒரு சின்ன இடம் அதையெல்லாம் கேட்டு, பசியைத் தூண்டுற பெப்டைடைக் குறைச்சு, போதும்னு சொல்றதைக் கூட்டும். கட்டி ஒட்டியிருந்தது அந்த இடத்துலதான்."

நான் விழித்தேன் போல. "நீங்க பூட்டுக்காரர்தானே? சாவியெல்லாம் ஒழுங்காத்தான் வருது. பூட்டுதான் இல்ல," என்றார்.

அப்படியென்றால் எவ்வளவு தின்றாலும்?

"அவ மூளையைப் பொறுத்தவரை அவ பட்டினி கிடக்கிறா. அதனால உடம்பு செலவையும் குறைச்சிடும், கொஞ்சம் தின்னாலும் ஏறும். இதுக்கு மேல ஏறினா தூக்கத்துல மூச்சு நின்னுடும். சாப்பாட்டைப் பூட்டி வையுங்க."

குடல் அனுப்பும் சேதியைப் போலச் செய்த ஊசியை இவளுக்குப் போன வருடமே போட்டுப் பார்த்தாகிவிட்டது. வாந்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டே "பசிக்குதும்மா" என்றாள்.

மார்ச் 15, சனி

குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்று. அலமாரிக்கு ஒன்று. குப்பைக் கூடைக்கும் ஒன்று. ஆமாம், குப்பைக் கூடைக்கும்.

பூட்டும்போது பின்னால் வந்து நின்றாள். வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. "உன் வயிறென்ன ஓட்டைப் பானையா?" என்றேன்.

"ஓட்டை வயித்துல இல்லப்பா. தலையில."

பதிமூன்று வயது. அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஏப்ரல் 2, புதன்

வீட்டைப் பூட்டி என்ன பயன், தெரு திறந்து கிடக்கிறதே. அவள் படத்தைப் பிரதி எடுத்து, பள்ளி வரைக்கும் உள்ள ஒவ்வொரு கடையிலும் கொடுத்தேன். இவளுக்கு எதுவும் விற்காதீர்கள். ரொட்டிக்கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மளிகைக்காரர் கல்லாவுக்கு மேலே ஒட்டினார், கடையில் திருடிப் பிடிபட்ட இருவர் படத்துக்குப் பக்கத்தில். "இவ அளவுக்குப் படச் சட்டம்தான் இல்ல," என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஏன் சிரித்தேன்?

ஏப்ரல் 4, வெள்ளி

பள்ளியில் அவளுக்குப் புதுப் பெயர் வந்திருக்கிறது. பீப்பாய்த் திருடி. மனைவிதான் சொன்னாள். மகள் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மைத்துனர் வந்தார். பூட்டுகளைப் பார்த்ததும் கொதித்துவிட்டார். "பசிக்குதுன்னு அழற பிள்ளை முன்னாடி சாவியை இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியறீங்களே, நீங்கெல்லாம் ஒரு அப்பனா?" லெப்டின், மூளை, பெப்டைடு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "எங்க வீட்லயும்தான் எல்லாரும் குண்டு. நாங்க என்ன பூட்டா போட்டோம்?" என்றார். மனைவி அண்ணனை ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

அவர் மட்டும் இந்த வீட்டில் நல்லவர். எவ்வளவு சுலபம்.

மே 9, வெள்ளி

சமையலறைக்குப் புதுப் பூட்டு. நானே அரம் பிடித்து, ஒரு வாரம் உட்கார்ந்து செய்தது. இது கொண்டை ஊசிக்கு மசியாது. தினமும் கடை திறக்கப் போகுமுன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். தினமும் கீறல். நேற்று சரியான இடத்தைத் தொட்டுவிட்டிருக்கிறாள், இன்னும் நூலளவு தள்ளியிருந்தால் திறந்திருக்கும். எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது பெருமை. வெட்கம் கெட்டவன்.

ஜூன் 14, சனி

மருத்துவமனை. மதியம் தூங்கியவள் எழவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. மெத்தைக்கு அடியில் பிஸ்கட் உறைகள், ஒரு மூட்டை. எல்லாம் மாமா உபயம். வாரா வாரம் பள்ளி வாசலில் கொடுத்திருக்கிறார். மனைவிக்குத் தெரியும்.

யாரைத் திட்டுவது? மைத்துனர் வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். மனைவி சுவரோடு சாய்ந்து கிடக்கிறாள். திட்டுவதற்கு மிச்சம் இருந்தது மகள் ஒருத்திதான். மூச்சுக் கருவியை முகத்தில் கட்டியிருந்தார்கள். கண் மட்டும் திறந்தாள். நான் சொன்னேன் — அப்படியே எழுதுகிறேன், எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரிச் சொல்லிக்கொள்வேன் — "செத்தாத்தான் உன் பசி அடங்கும்னா செத்துத் தொலை."

காதில் விழுந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 23, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டாள். இரவில் மூச்சுக் கருவி வேண்டும். மைத்துனர் இந்தப் பக்கம் வருவதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பூட்டில் கீறல் இல்லை. முந்தைய வாரமும் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எடை இறங்கியிருக்கிறது. "பிரமாதம்! இவ்வளவு கட்டுப்பாடு நான் பார்த்ததே இல்ல," என்றார் டாக்டரம்மா. அப்படியானால் பசி போய்விட்டதா என்று கேட்டேன். "போக வழியில்லையே," என்று கோப்பைப் புரட்டினார். மகள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 10, புதன்

இன்று அவள் பிறந்தநாள். காலையில் சமையலறையைப் பூட்டவில்லை. கொண்டியை மட்டும் சாத்தி, பூட்டைத் திறந்தபடி தொங்கவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மேசைமேல் ரொட்டி, வெண்ணெய், ஒரு டப்பா பிஸ்கட். இரக்கமா, சோதனையா? எனக்கே தெரியாது. ஒரு கீறலாவது பார்க்கவேண்டும் போலிருந்தது.

வந்தாள். பூட்டைப் பார்த்தாள். கதவில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். எச்சில் விழுங்கியது கூடம் வரைக்கும் கேட்டது. பிறகு பூட்டை அழுத்தினாள். நான் செய்த பூட்டு, நல்ல சத்தம்.

"பூட்ட மறந்துட்டீங்க," என்றாள். அந்தப் படத்தைக் கடைகளில் கொடுத்த பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"பசிக்கலையாம்மா?"

"பசிக்குது. எப்பவும் போலத்தான். இனிமே கேக்காதீங்கப்பா."