தண்ணீர் இறைத்த ரயில்

இன்று காலை பிளாட்பாரத்தின் கோடியில், தண்டவாளத்துக்கு அடியில் போடும் புதுச் சிலிப்பர் கட்டைகளை இறக்கினார்கள். வெயில் ஏற ஏறத் தார் வாசம் ஆபீஸுக்குள் வந்தது. உங்கள் கேட் வீட்டைச் சுற்றி எப்போதும் இருந்த வாசம். நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. செய்தி தாமதமாகத்தான் வந்தது, சாவுக்கு வர முடியவில்லை. சொல்லாமல் விட்டதை எழுதியாவது வைக்கிறேன்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷம். அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு நான் குமாஸ்தாவாக வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நீங்கள் வடக்குக் கேட்டில் கேட்காரர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் உங்களை நீ என்பேன், நீங்கள் என்னை ஐயா என்பீர்கள்.

அன்று தண்டவாளத்தைப் பழுதுபார்க்க ஆட்களோடு வந்த லைன் மேஸ்திரி, "ஆளுங்களுக்குத் தண்ணி எறச்சாந்து குடு, கேட்ட நான் பாத்துக்கறேன்" என்று உங்களைக் கிணற்றுக்கு அனுப்பினார். அரூர்ப் பக்கமிருந்து புளி ஏற்றி வந்த வண்டிக்காரர் அவசரப்படுத்தவே, மேஸ்திரி கேட்டைத் திறந்துவிட்டார். கூட்ஸ் வந்து வண்டியின் பின்பாதியை அடித்துப் போட்டது. வண்டிக்காரரும் மாடுகளும் பிழைத்தது தெய்வச் செயல். மேஸ்திரி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான்டா தொறந்துவுட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரைக்கு அனுப்ப ரிப்போர்ட்டை நான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் நான்தான் முதல். அந்தக் கர்வத்தில் நீள நீளமாக எழுதி, ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கி, உறையை ஒட்டி, பிளாட்பாரத்தில் நின்ற மத்தியானப் பாசஞ்சரின் கார்டிடம் கொடுத்தும்விட்டேன். பிறகு ஆபீஸ் நகலில் கைநாட்டு வைக்க உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் மையைத் தொடவில்லை.

"என்ன எழுதியிருக்குதுன்னு தமிழ்ல சொல்லுங்க, அப்பறம் வெக்கறேன்."

எரிச்சலோடு வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தேன். "கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, ரயில் விசில் ஊதியது."

"ரயிலுங்களா தண்ணி எறச்சுது? நானில்லீங்களா எறச்சேன்?"

பக்கத்திலிருந்த போர்ட்டர் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. நீங்கள் கிணற்றடியில் இருந்ததற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அதில் நீங்கள் இல்லவே இல்லை.

அடுத்த வரியில், கேட்டைத் திறந்தது 'ஹி' என்று மேஸ்திரி கேட்காரனிடம் சொன்னதாக எழுதியிருந்தேன்.

"ஹின்னா யாருங்க?"

"அவர். மேஸ்திரி."

"என்னெச் சொல்றதா இருந்தா?"

"அவன்" என்றேன். என் காதுக்கே அது நன்றாக இல்லை. "இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஹிதான்."

"அப்ப படிக்கிற தொரைக்கு எப்பிடிங்க தெரியும்?"

நகலைத் திரும்பப் படித்தேன். நீங்கள் குரலைத் தாழ்த்தி, "வேல போனா வூடும் போயிருங்க. எம் பொண்டாட்டி ஏழு மாசமா இருக்கறா" என்றீர்கள்.

வெளியே கார்டு கொடியைக் காட்டிவிட்டார். நகரத் தொடங்கிய வண்டியோடு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்று விழுந்தது. "ஐயா, அந்தக் கவர் தப்புங்க" என்று கத்தியதும் கார்டு உறையை வெளியே நீட்டினார். அது கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் திட்டித் தீர்த்தார். திரும்ப எழுத உட்கார்ந்தேன். எதிரில் நின்றபடி நீங்கள், "பேரையே எழுதிடுங்க. ரெண்டு தரம் வந்தா என்னங்க?" என்றீர்கள். நீங்கள் தண்ணீர் இறைத்தீர்கள், ரயில் விசில் ஊதியது, மேஸ்திரி கேட்டைத் திறந்தார். சின்னச் சின்ன வாக்கியங்கள். பள்ளிக்கூடத்தில் அதற்கு மார்க் கிடைத்திருக்காது.

பத்து நாள் கழித்துத் துரை விசாரிக்க வந்தார். காகிதத்தைப் படித்துவிட்டு மேஸ்திரியை மட்டும்தான் உள்ளே கூப்பிட்டார். அவரும் மறைக்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். முதல் காகிதம் போயிருந்தால், மேஸ்திரியைக் கேட்கும் முன்பே உங்களை வெளியேற்றியிருப்பார்கள்.

சேதி சொல்ல நானே கேட் வீட்டுக்கு வந்தேன். கேட்டதும் நீங்கள் அப்படியே வாசலில் கிடந்த சிலிப்பர் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள். "இன்னிக்குத்தாங்க சோறு எறங்கும்" என்றீர்கள். உங்கள் மனைவி உள்ளிருந்து மோர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, "வர்றேங்க" என்று சொல்லிக் கிளம்பினேன். நான் உங்களுக்கு 'ங்க' போட்டது அன்றுதான் முதல் முறை. கவனித்தீர்களோ என்னவோ.

இப்போது நானே ஒரு ஸ்டேஷனுக்கு மாஸ்டர். குமாஸ்தா ரிப்போர்ட் கொண்டுவந்தால், "இந்த ஹி யாருப்பா?" என்று கேட்பேன். அலுத்துக்கொண்டுதான் பெயரை எழுதுவார். இத்தனை வருஷத்தில், செய்யாத தப்புக்காக என் காகிதத்தால் ஒருவர் வீடும் போகவில்லை.