ஆல் வீலும் ஆள் வீலும்

சேற்றைக் கண்டால் சிரிக்கும் என் அம்மாவுக்கு,

உன் முதல் வருஷ நினைவுக்குப் பேனர் அடிக்கிறார்கள். “நாலு வரி எழுதிக் குடுடி, ரொம்ப வேணாம்” என்றார் அப்பா. உன்னைப் பற்றி நாலு வரியா? நாலு சக்கரத்தைப் பற்றியே எனக்கு நாலு பக்கம் வரும். அதனால் பேனரை அக்காவிடம் தள்ளிவிட்டு நான் இதை எழுதுகிறேன். பூசைக்கு வருகிறவர்கள் படித்தால் படிக்கட்டும். பங்குச் சாமியார் மட்டும் நடுவில் ஓரிரு இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

முதல் செய்தி: அப்பா உன் ஜீப்பை விற்கப் பார்த்தார். கோபப்படாதே, முழுசாகக் கேள்.

நீ போன பிறகு ஜீப் புங்கமரத்தடியில் நின்றபடியே நின்றது. போன மழையிலேயே, நீ ஓட்டும்போதே, அதன் முன்பக்கம் மல்லாட்டைக் கடலை உடைக்கிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. உனக்கும் கேட்டிருக்கும். ஏன் யாரிடமும் சொல்லவில்லை? ஜீப்பைப் பற்றித்தான் கேட்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து மெக்கானிக் தாஸ் அண்ணன் வந்து கழற்றிப் பார்த்தார். முன் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குமே, வளைவில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிப்ரென்சல், அதற்குள் பல் எல்லாம் போயிருந்தது. “பல் டாக்டர்கிட்ட காட்டலாமாண்ணே?” என்றேன். ஸ்பேனராலேயே தலையில் ஒன்று வைக்க வந்தார்.

முன்சக்கரம் இழுக்காத ஜீப்பை வைத்துக்கொண்டு ஏரிக்கரைக் களிமண்ணில் என்ன செய்வது? மழை பிடித்தால் டவுன் பஸ் நம் ஊருக்குள் வராது. பிரசவத்துக்குப் போகிறவர்கள், காலேஜ் போகிறவர்கள், மூட்டைகள் என்று எல்லோரையும் தார் ரோட்டில் கொண்டுபோய் விட்டது நீதான். அப்பாவுக்கு அது தெரியாமல் இல்லை. வாசலுக்கு வரும்போதெல்லாம் ஜீப் பக்கம் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போவார். அதனால்தான் விற்கிறேன் என்கிறார் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். அதை அவரிடம் யார் சொல்வது?

நம் ஜீப்புக்குப் புது சாமான் இப்போது வருவதில்லை. அக்காதான் காலேஜ் விட்டு வரும்போது விழுப்புரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்தாள். அதே கம்பெனியின் வேறொரு வண்டி. பின்னால் எதுவோ மோதி அப்பளமாகிவிட்டது, முன்பக்கம் முழுசாக இருந்தது. தாஸ் அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு போனோம்.

“அது ஆல் வீலும்மா. நம்மளுது ஃபோர் வீலு” என்றார் அவர்.

“ரெண்டுலயும் நாலு சக்கரந்தானேண்ணே? ஆல் வீலுன்னா இன்னா, ஸ்டெப்னியும் சேந்து சுத்துமா?”

“செல்வி, உன் தங்கச்சிய எதுக்கு இட்டுக்கினு வந்த?”

திட்டினாலும் விளக்கிச் சொன்னார். நம் ஜீப் எப்போதும் பின்சக்கரத்தால் ஓடும். சேறு வந்தால் லிவரை இழுக்க வேண்டும், முன்சக்கரமும் சேர்ந்துகொள்ளும். அந்த வண்டிக்கு லிவரே கிடையாது, நாலும் எப்போதும் இழுக்கும். ஆனால் முன்னால் தொங்குகிற உருண்டை இரண்டுக்கும் ஒரே அச்சு. பல் கணக்கு ஒத்துப்போனால் மாற்றிவிடலாம். அதற்காக நம் ஜீப்பின் பின்சக்கரத்தை வீட்டிலேயே சுற்றவிட்டு எண்ணி வைத்திருந்தார். இப்போது இங்கேயும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரம் ஒரு சுற்று வர நடுத்தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று பார்த்தார்.

“முன்னாடியும் பின்னாடியும் ஒரே மாதிரி இருக்கணும். டிப்ரென்சல்ல டிப்ரென்ஸ் வரக் கூடாது.”

“வித்தியாசம் பண்றதுக்குன்னே இருக்கிற சாமான், அதுல வித்தியாசம் வரக் கூடாதா?”

“வாய மூடிக்கினு சாக்பீஸ புடி.”

ஒத்துப்போனது அம்மா! சாக்குப்பையில் கட்டி பஸ்ஸில் ஏற்றினோம். “இன்னாம்மா இது, இந்தக் கனம் கனக்குது?” என்றார் கண்டக்டர். “எங்க ஜீப்போட பல்செட்டுண்ணே” என்றேன். திண்டிவனம் வரைக்கும் அந்தப் பையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அப்பா ஒரு வார்த்தை கொடுத்தார். “முன்சக்கரம் இழுத்தா வெச்சிக்கலாம். இழுக்கலன்னா குடுத்துடுவேன். அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கிக்கினு இருக்கக் கூடாது.” சொன்னதோடு நிற்காமல், மாட்டி முடிக்கிற அன்றைக்கே வாங்குகிறவரையும் தாஸ் அண்ணன் பட்டறைக்கு வரச் சொல்லிவிட்டார்.

வந்தார் ஒருவர். பளபளவென்று உயரமான கார். செஞ்சிப் பக்கம் தோட்டம் வாங்கியிருக்கிறாராம், அங்கே சுற்ற ஜீப் வேண்டுமாம். “என் காரும் ஆல் வீல்தான்” என்று வந்ததிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார்.

மாட்டி முடித்ததும் தாஸ் அண்ணன் ஒரு குறையைச் சொன்னார். பழைய டிப்ரென்சலில் முன்சக்கரத்தின் பிடியைக் கழற்றிவிடும் அமைப்பு இருந்தது, இதில் இல்லை. சாதாரணமாக ஓடும்போதும் உள்ளே பல்சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். அப்பா என்னைப் பார்த்தார். “சும்மா சுத்துறதுக்கு வூட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது.” அதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.

அடுத்து நடந்ததுதான் பேஜார். “ஆல் வீல் சாமான் மாட்டியாச்சி, இனிமே நாலும் எப்பவும் இழுக்கலாம்” என்று தாஸ் அண்ணன் லிவரை இழுத்துவிட்டு, பட்டறை முன்னாலிருந்த சிமெண்ட் ரோட்டிலேயே வண்டியை வளைத்தார். ஜீப் கட்டிப்போட்ட ஆடு மாதிரி துள்ளியது. டயர் கிறீச்சிட்டது. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. எல்லோர் முகமும் தொங்கிப்போனது.

“போதும் தாசு. நிறுத்து” என்றார் அப்பா. அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டாம். வாங்குகிறவர் பக்கம் திரும்பி, “நீங்க எடுத்துக்கங்க சார்” என்று சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அப்போது நீதான் தெரிந்தாய். ஏரிக்கரையிலிருந்து தார் ரோட்டில் ஏறியதும் நீ வண்டியை நிறுத்துவாய். “ஜல்தி போக்கா, பஸ்ஸு போயிடும்” என்று பின்னாலிருந்து எத்தனை பேர் கத்தினாலும், முதலில் லிவரைத் தள்ளிவிட்டுத்தான் கிளம்புவாய். ஒரு நாள்கூடத் தார் ரோட்டில் நீ நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டதில்லை.

“தாஸ் அண்ணே, லிவர தள்ளு! அம்மா ரோட்ல தள்ளிடும்!”

அக்காவுக்கு உடனே பிடிபட்டது. ஆல் வீல் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலும் ஒரு டிப்ரென்சல் இருக்கிறது. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், அதற்கு அது இடம் கொடுக்கும். நாங்கள் கொண்டுவந்தது முன்னால் இருப்பதை மட்டும்தான், நடுவில் இருப்பது விழுப்புரத்திலேயே கிடக்கிறது. நம் ஜீப்பில் லிவரை இழுத்தால் முன்னும் பின்னும் கையைச் சேர்த்துக் கட்டிய இரண்டு பேர் மாதிரி. சேற்றில் வழுக்கித் தப்பித்துக்கொள்வார்கள், சிமெண்ட் ரோட்டில் ஒருவரை ஒருவர் இழுத்துத் துள்ளுவார்கள். ஆல் வீல் பல் கட்டினால் ஃபோர் வீல் ஆல் வீல் ஆகிவிடாது.

தாஸ் அண்ணன் லிவரைத் தள்ளினார். அதே வளைவு, அலுங்காமல் குலுங்காமல் திரும்பியது. “ஆல் வீலு ஆல் வீலுன்னு சொல்லி என்னயே கொழப்பிட்டீங்களேடி” என்றார், தலையைச் சொறிந்துகொண்டு.

“சேத்துல இழுக்கணும். அதான் பேச்சு” என்றார் அப்பா.

ஏரிக்கரைக்குப் போனோம். அக்கா ஓட்டினாள், பக்கத்தில் அப்பா, பின்னால் நானும் தாஸ் அண்ணனும். முதல் நாள்தான் நல்ல மழை. தார் முடிந்த இடத்தில் அக்கா லிவரை இழுத்தாள். முன்சக்கரம் களிமண்ணைக் கவ்வியது எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. அந்தப் பக்கம் போய், திரும்பியும் வந்துவிட்டோம். மல்லாட்டைச் சத்தம் துளியும் இல்லை.

சாமியார் இங்கே கண்ணை மூடிக்கொள்ளலாம். எங்கள் பின்னாலேயே காரில் வந்தவர் கரையோரம் நின்று, “ரோடு எப்படிம்மா இருக்கு?” என்று என்னிடம் கேட்டார். “உங்களுது ஆல் வீலாச்சே சார், உங்களுக்கு இன்னா?” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவரும் காரைச் சேற்றில் இறக்கிவிட்டார்.

வழவழப்பான டவுன் டயர். பத்தடி போவதற்குள் வயிறு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் ஒற்றுமையாக ஒரே இடத்தில் சுற்றின. வரப்பில் நின்றிருந்தவர்கள் எல்லாம் வந்து தோள் கொடுத்தார்கள். “இப்பத்தான் சார் இது ஆள் வீலு!” என்று கத்தினேன். அவரே சிரித்துவிட்டார், பாவம்.

தள்ளியும் நகரவில்லை. அப்போது அப்பா இறங்கினார். ஜீப்பின் பின்னால் அவரே கயிற்றைக் கட்டினார். அக்காவைப் பார்த்து, “நவுருடி” என்றார். உன் சீட்டில் அப்பா உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். லிவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கிளட்ச்சை விட்டார். கயிறு இறுகியது. ஜீப் முனகியது. கார் ‘பொளக்’ என்று வெளியே வந்தது.

முழங்கால் வரை சேற்றோடு அவர் ஓடிவந்தார். “இந்த ஜீப்பு எனக்குக் கண்டிப்பா வேணும். சொல்லுங்க!”

அப்பா இன்ஜினை நிறுத்தவே இல்லை. “விக்கல சார்.”

“அண்ணே, ஒரு சொம்பு தண்ணி குடு, அப்பாவுக்கு விக்கலாம்” என்றேன். அப்பா ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார், அம்மா. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கடைசியில் கண்ணைத் துடைத்தார். அது எதனால் என்று நான் கேட்கவில்லை.

இப்போது விடிந்ததும் ஏரிக்கரை வரை ஓட்டிப் பழகுகிறார். கியர் மாற்றும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் நினைவு நாளுக்கு, உன் கல்லறைக்கு ஊர்க் கிழவிகள், பூக்கூடை, மெழுகுவத்தி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அவரேதான் வருகிறார். நேற்று பின்சீட்டிலிருந்து, “டிரைவர், கல்லறை ஸ்டாப்பிங்ல வண்டி நிக்குமா?” என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நிக்கும். நீ அங்கியே எறங்கிக்க, உங்க அம்மா பாத்துக்குவா” என்றார்.

அப்பா ஜோக் அடித்தார்! அதுவும் உன்னை வைத்து! இந்த ஒரு வருஷத்தில் ‘உங்க அம்மா’ என்று அவர் வாயிலிருந்து வந்ததே அதுதான் முதல் தடவை.

இனிமேல் தினமும் ஒரு தடவையாவது அவரைச் சிரிக்க வைக்காமல் நான் தூங்கப் போக மாட்டேன். சத்தியமாக. இது மட்டும் விளையாட்டு இல்லை.

அக்காவை விட ஒரு சுற்று அதிகமாக உன் ஜாடையும் உன் வாயும் வாய்த்த,
உன் சின்ன மக.