பிராக் போகாமலிருக்க

ஸ்டுட்கார்ட்,
12.4.1999

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று மதியம் மூன்று இருபதுக்குச் சேதி வந்தது. அடுத்த மாதம் வரும் நீண்ட விடுமுறைக்கு, பிராக் என்ற பழைய நகரத்துக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் முட்டிவலி எப்படி? ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

டிக்கெட் போட்டது கூட வேலை செய்யும் சிட்டிபாபு, நம்ம பல்லாவரத்துக்காரன். "ஜெயக்கொடி போய் இன்னும் வருஷம் திரும்பலைடா, மலை ஏறக்கூடாது. அந்த ஊர்க் கோட்டை மலைமேல இருக்கு" என்றேன்.

"அதெல்லாம் கோயில் மலைக்குத்தான் மச்சான். ரூம்லயே குந்திகினு இன்னா பண்ணப் போற?" என்று சிரிக்கிறான்.

நல்லவன்தான், ஆனால் எரிச்சலாக வருகிறது. தனக்கு விசா கிடைத்து இங்கே வந்ததும் முதலில் பிராக்தான் என்று உங்கள் மகள் ஜெயக்கொடி சொல்லிவைத்தது அவனுக்குத் தெரியாது. எனக்குச் சொல்லவும் வாய் வரவில்லை.

அத்தை, நீங்கள் ஒரு வரி எழுதுங்கள்: எந்த மலையானாலும் மாப்பிள்ளை ஏறக்கூடாது என்று. பெரியவர்கள் எழுதினால் அடங்குவான். அப்படியே கொஞ்சம் ரசப்பொடி அனுப்புங்கள். அவள் கட்டிக்கொடுத்த பொட்டலம் இருக்கிறது, அதைப் பிரிக்க மனசில்லை.

இத்தோடு முடிக்கிறேன். பிராக்கில் ஓட்டல் ரூமை யாரோடு பங்கு போடுகிறாய் என்று சிட்டிபாபு விடாமல் போன் போடுகிறான். நீங்கள் கூப்பிட்டுக் கிடைக்காவிட்டால் பயப்படாதீர்கள், அவனுக்காகத்தான் போனை அணைத்துவைத்திருக்கிறேன்.

துரைராஜ்