உன் பெயரில் திறந்த செஷன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிப்பதற்கு முன்னால் வேறொன்று பேச வேண்டியிருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். ஆபீஸ் மெயிலை யார் யார் திறந்து பார்க்கிறார்களோ, யார் கண்டது? உன் அத்தானின் நண்பர் உன் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரும் பிரித்துப் பார்க்கக்கூடிய ஆள் என்பதால் உறையில் பசையை அள்ளிப் பூசியிருக்கிறேன். கிழித்துத்தான் திறக்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே.

நீ என் ஆபீஸ் வேலையை விட்டுப் போன பிறகும் எங்கள் கம்ப்யூட்டர்களில் உன் பெயரில் யாரோ நுழைந்து கட்டளை தட்டும் டெர்மினல் செஷன்கள் திறந்துகொண்டே இருந்தன. மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்க தம்பி வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டே இங்க உள்ள நுழையுறாரும்மா. போலீஸுக்குப் போறதா இருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்களே பார்த்து ஒரு அறிக்கை குடுங்க" என்றார். புகார் பதிவானால் உன் புது வேலை போகும், விசாவும் போகும். இத்தனை பேர் இருக்க என்னிடம் ஏன் கேட்டார் என்பதிலும் எனக்குச் சந்தேகம். நானும் கூட்டு என்று நினைத்து ஆழம் பார்த்திருக்கிறார்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் நானும் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். போகும்போது நீ பேசிய பேச்சு அப்படி. "நீ எழுதுற மேனுவல எவன்க்கா படிக்கிறான்?" என்று கேட்டாய். நீங்கள் செய்யும் கருவிகளுக்கு விளக்கம் எழுதுவதுதான் என் பிழைப்பு என்று தெரிந்தும் கேட்டாய். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, இனி என் முகத்தில் விழிக்காதே என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது என் மேனுவலை வரிவிடாமல் படிக்க ஒரு ஆள் வந்திருக்கிறது. நீ போன பிறகு வந்த, சொன்ன வேலையைக் கம்ப்யூட்டரில் தானே செய்யும் ஏஐ ஏஜென்ட். எடுபிடி என்று பெயர் வைத்திருக்கிறோம். தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் செஷன் திறக்க, கட்டளை அனுப்ப, திரையில் வந்ததைப் படிக்க, வேலை முடிந்ததும் மூட என்று நீ செய்துவைத்த கருவிகளை அதுதான் பயன்படுத்துகிறது. எதை எப்போது எடுப்பது என்று நான் எழுதிய விளக்கத்தைப் படித்து அப்படியே செய்கிறது. வினையே அங்கேதான். நீ கொடுத்துவிட்டுப் போன குறிப்பில், உதாரணம் காட்டும் இடத்தில் உன் சொந்தப் பயனர் பெயரையே போட்டிருந்தாய், நானும் அதை அப்படியே விளக்கத்தில் சேர்த்துவிட்டேன். உதாரணம் என்றால் மனுஷனுக்குப் புரியும். எடுபிடியோ, யார் பெயரில் திறப்பது என்று யாரும் சொல்லாதபோதெல்லாம் உதாரணத்தில் இருந்த பெயரை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. உன் கணக்கை மூட வேண்டிய புண்ணியவான் மூடவில்லை, அதனால் யாரும் தடுக்கவும் இல்லை.

இது தெரிந்ததும் இருந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி கண்ணில் தூசியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் தம்பி திருட்டுத்தனமாக நுழையவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதோடு விட்டிருக்கலாம். என் புத்திதான் உனக்குத் தெரியுமே. எல்லா செஷன்களின் பதிவையும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். எடுபிடி முழு வரியையும் ஒரே மூச்சில் அனுப்பும். தப்பாக அடித்து அழிக்கும் வழக்கமே அதற்குக் கிடையாது. ஒரே ஒரு செஷனில் மட்டும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறி வந்திருக்கின்றன. வந்தவர் வேறு எதையும் தொடவில்லை. நான் எழுதிய விளக்கங்களைத் திறந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நிதானமாக நகர்த்தி நகர்த்திப் படித்திருக்கிறார். மூடுவதற்கு முன்னால் "அக்கா" என்று தட்டி, உடனே அழித்திருக்கிறார். எடுபிடி என்னை மேடம் என்றுதான் கூப்பிடும்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். மேலாளர் அதையும் படித்தார், என் முகத்தையும் படித்தார். "அப்ப உங்க தம்பி இல்ல, நல்லதாப் போச்சு" என்றார். புகார் கிடையாது, நீ பயப்பட வேண்டாம். அந்த ஒரு செஷனைப் பற்றி நான் எழுதவில்லை. தெரிந்தே ஒன்றை விட்டுவிட்டு நான் எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. உதாரணத்திலிருந்து உன் பெயரை எடுத்தாயிற்று. உன் கணக்கையும் பக்கத்தில் நின்று மூட வைத்தேன்.

ஆகவே இனி அந்த வழியாக நீ வர முடியாது. என் போன் நம்பர் மாறவில்லை. தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருக்காமல் ஒரு தடவை கூப்பிடு. ஏன் வந்தாய், எப்படி வந்தாய் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன், கேட்க மாட்டேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அக்கா