நேரம் தவறிய கெட்டிமேளம்

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்குக் கல்யாணம். மாத்தளையில் நல்ல மண்டபம்தான். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவர்களிடம் அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டேன். தாலி கட்டும் நேரம் வந்தது. ஐயர் விரலை உயர்த்தினார், தவில்காரர்கள் கெட்டிமேளம் முழக்கினார்கள், எல்லாரும் அட்சதை போட்டார்கள். நான் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

"என்னாங்க, பல்லு வலியா?" என்றாள் என் மனைவி.

பல் வலி இல்லை. கெட்டிமேளம் கேட்டால் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அதைப் பழக்கிவிட்டவன் நீ.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா என் தோளில் தட்டினார். "நீங்கதான் அந்தக் கதை சொல்ற ஆளா? போன்ல பாத்துப் பாத்துச் சிரிச்சிருக்கோம். பொண்ணோட அப்பா பெரிய தண்ணி பார்ட்டியாமே! மேடையிலயே தலைகீழா அடிச்சாராமே!" உன் மகள் இனி வாழப்போகும் வீட்டில் உன்னைப் பற்றித் தெரிந்திருந்தது அவ்வளவுதான். அதுவும் நான் சொல்லிக் கொடுத்தது.

நாட்டில் சண்டை நின்று சமாதானம் வந்துவிட்டதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச காலம் உனக்கு நினைவிருக்கும். நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் போன் கார்டு விற்றுக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு ராப் சீடீ வந்து சேர்ந்தது. அடுத்த வாரமே தொளதொள கால்சட்டை, பின்பக்கம் திருப்பிய தொப்பி. கால்சட்டை நிற்க இடுப்பு என்று ஒன்று வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பீட் போடக் கம்ப்யூட்டர் இல்லாததால், கோயிலிலும் கல்யாணங்களிலும் தவில் வாசித்துக்கொண்டிருந்த உன்னிடம் வந்தேன்.

"ரொம்ப லேசுடா. டும் டும்னு நாலு அடி. திரும்பத் திரும்ப அதையே அடிச்சாப் போதும்."

"அதுக்குத் தவிலு எதுக்கு? தண்ணி டாங்கியத் தட்டிக்க," என்றாய்.

ஆனால் வந்தாய். தம்புள்ளை ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் சூப் குடிக்கும்போது சாக்சபோனில் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்த சோமேயும் வந்தான், தன் வாசிப்பை ஒருவராவது காது கொடுத்துக் கேட்டால் போதுமென்று. எங்கள் தோட்டத்தில் கொக்கோ காயப்போடும் கொட்டிலில்தான் ஒத்திகை. புளித்த கொக்கோ வாசனையில் நமக்கு முதலில் தலைவலியும் பிறகு சங்கீதமும் வந்தன. சோமேக்குத் தமிழ் அரைகுறை, உனக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் வாத்தியத்தில் நீங்கள் போட்ட சண்டையில் ஒரு பிழை இருக்காது. அவன் ஒரு சுரத்தை இழுத்துச் சறுக்கிக்கொண்டு போவான். நீ வேறு நடையில் சுற்றி வந்து, சரியாக அவன் இறங்கும் இடத்தில் காத்திருப்பாய். "மச்சாங், இவன் மந்திரக்காரன்," என்பான் சோமே. நடுவில் நான் நின்று தோட்டத்து வம்பையெல்லாம் எதுகை மோனையோடு கொட்டிக்கொண்டிருப்பேன், யார் வீட்டு டீவி தவணையில் வந்தது, யார் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று.

உனக்கு என்மேல் ஒரே குறைதான். "வார்த்தைய நெருக்காதடா. நடுவுல ஒரு எடம் விடு."

நான் விடவே மாட்டேன். இடம் விட்டால் கைதட்டல் உனக்குப் போய்விடும் என்று பயம்.

பிறகு சமாதானம் மெலிந்தது. இரவில் கதவு தட்டப்பட்டால் விளக்கைப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் காலம் திரும்பி வந்தது. எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனை வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. உரக்கடை முதலாளிதான் ஆமிக்கு ஆள் காட்டிக் கொடுக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. அந்த நிலையில்தான் அலுவிகாரைப் பக்கம் ஒரு விளையாட்டுப் போட்டி முடிவில் நமக்கு மேடை கிடைத்தது. முன்வரிசையில் மாலையோடு அதே முதலாளி. ஓரத்தில் துப்பாக்கியோடு ஆமிக்காரர்கள்.

அந்தப் பையனுக்காக நெஞ்சு பொறுக்காமல் பாடினேன் என்று எழுத ஆசைதான். உன்னிடம் பொய் எடுபடாது. கூட்டம் அன்றைக்குச் சப்பென்று இருந்தது. எனக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது. எழுதி வைத்ததை விட்டுவிட்டு, வாயில் வந்ததை எடுத்துவிட்டேன்.

"உரம் போட்ட மண்ணுல பயிரு வரல,
ஊரவிட்டுப் போன தம்பி திரும்பி வரல,
முன்னால குந்தியிருக்கும் மொதலாளி கையில…"

அங்கே விழுந்தது கெட்டிமேளம்.

தாலி கட்டும்போது யாராவது தும்மினாலும், அழுதாலும், ஏடாகூடமாக எதையாவது சொல்லிவிட்டாலும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்றுதானே அந்த அடி. அதைத்தான் நீ அடித்தாய். என் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒரு சொல்லும் வெளியே போகவில்லை. "நிப்பாட்டுடா டேய்!" என்று கத்தினேன். அதுவும் போகவில்லை. கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு யாரோ, "யாருக்குடா கல்யாணம்?" என்று கூவினான். சோமே உன் முகத்தை ஒருமுறை பார்த்தான். வெள்ளைக்காரர்களின் கல்யாண மெட்டு ஒன்றை எடுத்து, ஆட்டி நெளித்து உன் அடியின் மேல் ஏற்றினான். மைதானமே ஆடியது. ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். முதலாளியும் கைதட்டினார்.

மேடைக்குப் பின்னால் உன் சட்டையைப் பிடித்தேன். நீ விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே பேசினாய்.

"மொதலாளி திரும்பி ஆமிக்காரன் ஒருத்தனக் கூப்பிட்டான். நீ பாக்கல, நான் பாத்தேன். நாளைக்கு வந்து கேப்பான். மேளக்காரன் தண்ணியப் போட்டுட்டுத் தப்பா அடிச்சிட்டான்னு சொல்லிரு."

"நீ குடிக்கவே மாட்டியேடா."

"அது அவனுக்குத் தெரியுமா?"

நீ சொன்னபடியே மறுநாள் காலை முதலாளி என் கடைக்கு வந்தார். "நேத்து பாட்டுல முதலாளி கையிலன்னு ஏதோ வந்திச்சே தம்பி. கையில என்னா?"

"கையில தங்க மோதிரம்னு உங்களப் புகழத்தான் வந்தேன் முதலாளி. இந்தக் குடிகாரப் பய விட்டானா?" என்று தொடங்கி, நீ தள்ளாடியதை நடித்தேன், நாக்குக் குழறியதை நடித்தேன், தவிலையே தலையணையாக்கிப் படுத்ததைக்கூட நடித்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகும்போது ஒரு கார்டும் வாங்கினார்.

நான் பிழைத்தேன். கதையை அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் கடையில் நின்ற மற்றவர்களும் சிரித்தார்கள். பாடி ஒருநாளும் எனக்குக் கிடைக்காத சிரிப்பு அது. மறுநாளும் சொன்னேன். கள்ளு சாராயமானது, சாராயம் விஸ்கியானது. ராப்காரன் போய் நகைச்சுவைக்காரன் வந்தான். என் பிழைப்பு முழுவதும் உன் அந்த அடியின் மேல்தான் நிற்கிறது.

உனக்குக் கல்யாண வீடுகள் நின்றன. "நேரந்தெரியாமக் கெட்டிமேளம் அடிக்கிறவன வச்சா தாலிக்கு ஆகுமா?" என்றார்கள். கோயிலிலும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். நீ வாசனைத் தோட்டம் ஒன்றில், கறுவாவுக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் உட்கார்ந்து, உல்லாசப் பயணிகளுக்கு வாசித்தாய். ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். நீ நிமிர்வதற்குள் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டேன். செருப்பு நன்றாகத்தான் இருந்தது.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு கடைக்கு வந்தாய். உனக்காக என்று நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"அந்த மொதலாளியும் ஊரவிட்டுப் போய்ட்டான். இனி உள்ளதச் சொன்னா என்னாடா?"

"அடுத்த ஷோல சொல்றேன் மச்சான். சத்தியமா."

அந்த ஷோவுக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தாய், மனைவியையும் கூட்டிக்கொண்டு. நான் மைக்கைப் பிடித்ததும் மண்டபம், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தியது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் என் சத்தியம் நிற்கவில்லை. தள்ளாடினேன். குழறினேன். தலையணையிலும் படுத்தேன். நீயும் சிரித்தாய். ஆனால் சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே சிரித்துவிட்டாய். கால் அட்சரம்கூடத் தவறாதவன், அன்றைக்கு மட்டும் முந்திக்கொண்டாய். அதன் பிறகு நீ கேட்கவில்லை. கொஞ்ச காலத்தில் நெஞ்சுவலி வந்து போயும்விட்டாய்.

அதனால்தான், போன ஞாயிறு உன் சம்பந்தி மைக்கை என் கையில் திணித்து, "அந்தக் கதைய எடுத்துவிடுங்க," என்றபோது, இன்றைக்கு உள்ளதைச் சொல்லாமல் விடுவதில்லை என்று நினைத்தேன்.

"அவன் குடிக்கல," என்றேன்.

மண்டபம் அதிரச் சிரித்தது.

"நெசமாத்தான் சொல்றேன். அவன் என் உசுரக் காப்பாத்தத்தான் அடிச்சான்."

இன்னும் பெரிய சிரிப்பு. "இது புதுசா இருக்கே!" என்று சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என்ன செய்வது? பந்தியில் இருந்த தவில்காரர்களைப் பார்த்து விரலை உயர்த்தினேன். அன்றைக்கு நீ செய்ததுபோல் என் பேச்சை அடித்து மூடட்டும் என்று. அவர்கள் சோற்றில் கை வைத்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த மேளக்காரன் நேரமில்லாத நேரத்தில் அடிப்பான்?

மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். உன் மகள் மட்டும் சிரிக்காமல் நின்றாள். "எனக்கும் அம்மாவுக்கும் தெரியும் மாமா. இவங்களுக்குத்தான் தெரியாது," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

சம்பந்தி சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தள்ளாடாமல், குழறாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். பாதிவரை சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நெசமாவா?"

"நெசம்."

"அப்ப இத்தன வருஷமா ஏங்க இப்பிடிச் சொன்னீங்க?"

எனக்குப் பதில் நாலு தயாராக இருந்தது, நாலிலும் சிரிப்பு வரும். ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லுக்கு நடுவில் விடு என்று நீ கேட்டுக்கொண்டே இருந்த அந்த இடத்தை அப்போதுதான் விட்டேன். விட்டுவிட்டு, பழக்கத்தில், உன் அடிக்காகக் காத்திருந்தேன்.