வெட்டியிருந்த எர்த் வயர்

பாட்டுக்கும் மைக்குக்குமாகத் தானே செய்த ஒலி கூட்டும் ப்ரீஆம்ப் பெட்டியைத் தொட்டதும் தமிழ்நிலாவுக்குக் கரண்ட் அடித்துக் கை உதறிப்போனது. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுத் திறந்தாள். உள்ளே எர்த் வயரை யாரோ வெட்டியிருந்தார்கள். பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உப்பளத்துக்குப் போயிருந்த கணவன் சித்தார்த்தனுக்கு, சீட்டெழுதிப் பெட்டிமேல் ஒட்டினாள்.

"என்னங்க, இதைத் தொடாதீங்க. பவர் கார்டை நான் எடுத்துட்டுப் போறேன். எர்த்தை ஏங்க வெட்டினீங்க? உப்புக் காத்துல பெட்டிக்குள்ள ஈரம் ஏறி, எர்த் இல்லாததால மேல் தகட்டுக்கே கரண்ட் வருது. எனக்கு அடிச்சிடுச்சு. கை நல்லாத்தான் இருக்குது, நெஞ்சுதான் இன்னும் அடங்கல. ஈரக் கையோட நீங்க தொட்டிருந்தா?

நேத்து பெட்டியோட இரைச்சல் நின்னதும் 'நான்தான் சரிபண்ணேன்'னு சிரிச்சீங்களே, இதானா? மைக்குக்கு வச்ச பேலன்ஸ்டு இன்புட்ல மூணு வயர். பாட்டு போடுற போன்ல இருந்து வர்றது ரெண்டுதான். மிச்ச வயரை கிரவுண்டோட சேர்க்காம நான் தொங்க விட்டுட்டேன். அதான் இரைஞ்சுது. சாயந்திரம் வந்து அதையும் எர்த்தையும் சால்டர் வச்சு ஒட்டிடறேன்.

நண்டுக் குழம்பு மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் அக்காகிட்ட குடுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் இருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"பெட்டி இரையுதுன்னு ஒரு வாரமா நான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்ததாலதான் வெட்டினீங்கன்னு தெரியும். இரைஞ்சா இரைஞ்சுட்டுப் போகுதுங்க. எனக்கு நீங்க வேணும்."