இடை சிறுத்த கயிறு

கல்முனை

அன்பு மகன் இஹ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம். கொரியக் குளிரிலும் அவன் உன்னைச் சுகமாக வைக்கட்டும். உம்மாவின் கால்வலி பரவாயில்லை, ஆனால் மருந்தை நான் ஞாபகப்படுத்தினால்தான் போடுவாள். போனில் கதைக்க முடியாத விஷயம், உன் தங்கச்சி ஸம்றாவின் மாப்பிள்ளை ஹாதிக் எந்நேரமும் கடையில் பக்கத்தில் நிற்கிறான். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் பர்ஸான் கையில் தருகிறேன்.

வாடை ஓய்ந்து கடல் படுத்துவிட்டது, தம்பிலுவில் கரைவலை முதலாளி அழகரெத்தினம் புதுக்கயிறு கேட்டிருந்தார். ஹாதிக் தனியாகக் கொழும்புக்குப் போய் மலிவாக ஒரு லொறி நிறைய நைலோன் கயிறு எடுத்து வந்தான். அவன் சொந்தமாகச் செய்த முதல் கொள்முதல். நம்முடைய ஆட்கள் கயிறு பார்ப்பது உனக்குத் தெரியும், ஒரு இழையைப் பிரித்துக் கையில் சுற்றி இழுப்பார்கள், அறாவிட்டால் நல்ல கயிறு. அவனும் அப்படியே இழுத்துக்காட்டி, பாருங்க மாமா, இழுக்க இழுக்க வருது, அறுதில்ல என்று ஒரே சந்தோசம். அப்படி இழுக்க இழுக்க நீண்டு வந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இழையைக் கடைக் கூரை வளையில் கட்டித் தராசுப் படிக்கல்லைத் தொங்கவிட்டேன். முழு இழையும் ஒரேயளவாய் நீளவில்லை, மகன். ஒரு இடத்தில் மட்டும் இடை சிறுத்தது, மற்றதெல்லாம் பழைய தடிப்பிலேயே நின்றது, பிறகு அந்தச் சிறுப்பு மேலும் கீழும் ஊர்ந்து பரவியது. கல்லைக் கழற்றியும் நீண்டது திரும்பவில்லை. அந்தப் படத்தைத்தான் உனக்கு அனுப்பினேன். இழைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இடியப்பம் போலச் சிக்கிக் கிடக்கும் நுண்ணிய சங்கிலிகள் இழுபட்டதும் நேராகின்றன, நேரான இடம் பலமாகி நிற்க அடுத்த இடம் இளகிக் கொடுக்கிறது என்று போனில் பதில் எழுதினாய். உங்கள் இழைத் தொழிற்சாலையில் சூடுகாட்டி உருளைகளிலேயே அந்த இழுப்பை முடித்துவிடுவீர்கள், இது அரைகுறையாக இழுத்த சாமான், மிச்சத்தைக் கடல்தான் இழுக்கும் என்றும் எழுதினாய். அது போதும் எனக்கு. கரைவலைக்கு இரண்டு கயிறு, இரண்டு பக்கமும் ஆட்கள் ஒரே அளவில் இழுக்கவேண்டும். ஒன்று நீண்டால் வலையின் மடி சரிந்து மீன் போய்விடும், இழுக்க வந்த அத்தனை குடும்பமும் வெறுங்கையோடு போகும்.

ஹாதிக்கிடம் சொன்னேன், முகம் கறுத்துவிட்டது. என்ன நம்பாட்டி என்னத்துக்குக் கடையில வெச்சிருக்கீங்க, நான் போறன் என்றான். அழகரெத்தினமும் வந்து, ஒங்கட கடைச் சாமான்தானே காக்கா, தாங்க, கடல் நமக்காகக் காத்துக்கிட்டா கிடக்கு என்று நின்றார். தரமாட்டேன் என்றுவிட்டேன். திருப்பி அனுப்பினால் அந்த வியாபாரி அதைக் கோமாரி ஊர் மீனவர்களுக்கு விற்பான். ஆகவே முற்றத்தில் போட்டு, நெல்மூட்டை வாய் கட்ட மட்டும் உதவும் துண்டுகளாக வெட்டத் தொடங்கினேன். ஸம்றா அழுதாள். பார்த்துக்கொண்டு நின்ற ஹாதிக் உள்ளே போனான், சொன்னபடியே கடையை விட்டுப் போகப்போகிறான் என்றுதான் நினைத்தேன். பெரிய கத்தியோடு வந்து, நீங்க வெட்டுற வெட்டுக்குப் பெருநாளும் வந்திரும், தள்ளுங்க மாமா என்றான்.

நாளைக்கு இரண்டு பேரும் கொழும்புக்குப் போகிறோம். கயிறு பார்ப்பதும் விலை பேசுவதும் அவன்தான், நான் வாய் திறக்கமாட்டேன். அழகரெத்தினத்துக்குப் புதுக்கயிறு வரும்வரை இழுக்கக் கடையில் கிடந்த பழைய நல்ல கயிற்றைக் கொடுத்திருக்கிறேன்.

மெஷினுக்குப் பக்கத்தில் நீளக்கை உடுப்புப் போடாதே. தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் ரிஸ்கில், உழைத்துத் தின்னும் சோற்றில், பறக்கத் செய்வானாக. ஒன்றை மறக்காதே, ஹாதிக்கோடு கதைக்கும்போது இந்தக் கயிற்றுக் கதையை நீயாக எடுக்காதே. அவனாகச் சொன்னால், அப்படியா மச்சான் என்று புதிதாகக் கேட்பவன் போலக் கேள்.

உனக்காகத் துஆச் செய்யும் வாப்பா,
மீராமுகைதீன்